டிப்ளமோ எஞ்சினியரிங்குக்கு வரும் பெண்கள்: எங்கிருந்து வருகிறார்கள், யார் சொல்லி வருகிறார்கள்?

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் எடுக்கிறேன். மே, ஜூன் வந்தால் பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நடுவில் ஆய்வு செய்கிறேன் என்று ஒருவர் கேள்வித்தாளோடு வருவார். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சொல்வது எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

எந்தப் பெண்களைப் பற்றி இந்தப் பக்கம்?

வீட்டில் முதல் ஆளாகத் தொழில்நுட்பக் கல்விக்கு வருகிற பெண்களைப் பற்றி. அப்பா கொத்தனார், பெயின்டர், லாரி டிரைவர், விசைத்தறித் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பனியன் கம்பெனியில் இருப்பவர், தையல் தைப்பவர். படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். சாதிவாரியாகப் பார்த்தால் பட்டியல் சாதி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுப் பெண்கள் ஓரளவு வந்துவிட்டார்கள். பழங்குடிப் பெண்கள் இன்னும் வரவில்லை. ஒரு பிரிவில் ஒருத்தி இருந்தாலே எங்களுக்கு அது பேச்சாகிவிடும்.

2020-21க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் இளநிலைப் பொறியியல் படிப்பவர்களில் பெண்கள் ஏறத்தாழ 29 சதவீதம். அந்த 29க்குள் மருத்துவர் மகளும் இருக்கிறாள், மேஸ்திரி மகளும் இருக்கிறாள். எண்ணிக்கை அவர்களைப் பிரித்துக் காட்டுவதில்லை. நான் பேசுவது இரண்டாமவளைப் பற்றி.

டிப்ளமோவுக்கும் பி.இ.க்கும் என்ன வித்தியாசம்?

பி.இ. நான்கு வருடம், 12ஆம் வகுப்புக்குப் பிறகு. டிப்ளமோ மூன்று வருடம், ஆறு செமஸ்டர், 10ஆம் வகுப்பு முடித்தாலே சேரலாம். 12ஆம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்துகொள்ளலாம். பி.இ.யில் கணக்கும் வடிவமைப்பும் அதிகம். டிப்ளமோவில் கையால் செய்வது அதிகம்.

ஆனால் வீட்டில் பேசும்போது வேறொரு வித்தியாசம்தான் முன்னால் வந்து நிற்கும். 15 வயதில் சேர்ந்தால் 18 வயதில் சான்றிதழ் கையில். பி.இ. என்றால் 21 அல்லது 22 ஆகிவிடும். சட்டப்படி பெண்ணுக்குக் கல்யாண வயது 18, தொழிற்சாலையில் முழுநேர வேலைக்கு எடுப்பதும் 18க்கு மேல். "சீக்கிரம் முடிஞ்சிடும்ல" என்று அப்பா கேட்கும்போது அவர் மனதில் இருப்பது சம்பளமா கல்யாணமா என்பது அவருக்கே அப்போது தெரியாது. மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும்.

இந்தப் பெண்கள் யாரைப் பார்த்து, யார் சொல்லி எஞ்சினியரிங் எடுக்கிறார்கள்?

ஆய்வுக்கு வருகிறவர்களின் கேள்வித்தாளில் இதற்கு நான்கு கட்டங்கள் இருக்கும்: பெற்றோர், ஆசிரியர், நண்பர், சொந்த ஆர்வம். பிள்ளைகள் பெரும்பாலும் "சொந்த ஆர்வம்" என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் நல்ல பதில் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் முதல் வகுப்பில் வேறு மாதிரி கேட்பேன். "உன் அப்ளிகேஷனை யார் நிரப்பினாங்க?" இதற்கு யாரும் பொய் சொல்வதில்லை. வரும் பதில்கள் இப்படி: பிரவுசிங் சென்டர் அண்ணன். அதே பாலிடெக்னிக்கில் படித்த பக்கத்துத் தெரு அக்கா. பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சர். சித்தப்பா மகன். சர்ச் பாதர். அம்மா வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா. பெற்றோர் பெயரை நான் கேட்டது மிகக் குறைவு. அவர்கள் "சரி" என்றவர்கள். வழி சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

ஒரு வருடம் ஒரே ஊரிலிருந்து ஐந்து பெண்கள் சிவிலில் சேர்ந்திருந்தார்கள். அந்த ஊரில் என்ன விசேஷம் என்று விசாரித்தால், ஒன்றுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி சிவில் முடித்து ஒரு கட்டட நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். தலையில் ஹெல்மெட்டோடு அவள் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வருவதை ஊரே பார்த்திருக்கிறது. அவ்வளவுதான். அவள் மெக்கானிக்கல் படித்திருந்தால் ஐந்து பேரும் என் வகுப்பில் இருந்திருப்பார்கள்.

பிரவுசிங் சென்டர் அண்ணனைக் குறைத்து எடைபோட வேண்டாம். பிராஞ்சு வரிசையை மாற்றிப் போடுவதே பல நேரம் அவர்தான். "பொண்ணுக்கு மெக் வேணாம்ணே, கம்ப்யூட்டர் போட்டுடறேன்" என்று அவர் சொல்ல, அப்பா தலையாட்ட, பெண் வாசலில் செருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஒரு படிப்பு முடிவாகும் நேரம் அவ்வளவுதான், ஐந்து நிமிடம், ஐம்பது ரூபாய்.

கல்பனா சாவ்லா, இஸ்ரோ விஞ்ஞானிகள் இவர்களெல்லாம் முன்மாதிரி இல்லையா?

மகளிர் தினப் பேச்சுப்போட்டிக்கு நன்றாக உதவுகிறார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவர் பெயரைச் சொன்னால் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்தப் பெருமை படிவம் நிரப்பித் தராது, பஸ் ரூட் சொல்லாது.

தூரத்து நட்சத்திரங்களின் கதையையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. 1940இல் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தார். எப்படி முடிந்தது? அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவர் போய் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். சிவில் பிரிவில் தெரசியா, லீலம்மா என்று இன்னும் இருவர் சேர, லலிதாவுக்குத் துணை கிடைத்தது. சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள். தெரசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் உறுதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதோடு, உள்ளே ஒரு ஆள் இருந்தார் என்பதையும் பேச வேண்டும். மேஸ்திரி மகளுக்கு உள்ளே ஆள் கிடையாது. பக்கத்துத் தெரு அக்காதான் அவளுடைய பேராசிரியர் அப்பா.

பெண்கள் ஏன் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்), கம்ப்யூட்டர் பக்கமே போகிறார்கள்?

உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஏசி அறை, வெயில் படாது, ராத்திரி வேலை இல்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது பாதிதான் உண்மை. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் உண்டு.

இன்னொரு காரணத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காக எழுதியது. மூன்று ஷிஃப்ட் ஓடும் கம்பெனிக்காரர் அதைப் படித்து, பெண்களை எடுத்தால் தலைவலி என்று முடிவு கட்டினார். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற ஏற்பாடுகளைச் செய்துவிட்டு இரவு வேலை கொடுக்கலாம் என்றது. நான் டிப்ளமோ முடித்தது அதற்கு ஒரு வருடம் முன்னால். வளாக நேர்முகத்துக்கு வந்த ஒரு உதிரிபாக நிறுவனம் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "லேடீஸ்க்கு நைட் ஷிஃப்ட் போட முடியாதும்மா" என்று ஃபைலை மூடியது. அவர் சொன்னது சட்டப்படி சரி. எனக்குப் பின்னால் நின்ற, என்னைவிட இருபது மார்க் குறைந்த பையனுக்கு வேலை கிடைத்தது. சட்டம் போய்விட்டது. அந்தக் காலத்தில் உருவான "மெக் பொண்ணுங்களுக்கு இல்ல" என்ற பேச்சு மட்டும் பிரவுசிங் சென்டர் வரைக்கும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப் பெண்களுக்கு ஒத்துவருமா? உடம்பு தாங்குமா?

வந்து பாருங்கள். பிட்டிங் வகுப்பில் முதல் வேலை, இரும்புத் தகட்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்குவது. அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குமே தவிர வேலை நடக்காது. பையன்கள் பலத்தைக் காட்டிப் போகும்போதும் வரும்போதும் அழுத்துவார்கள். அரை மணியில் கை ஓய்ந்துவிடும். அம்மிக்கல்லிலும் தறியிலும் பழகிய கைகள் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

டிராயிங்கில் இன்னொன்று. மேற்பரப்பு விரிப்பு என்று ஒரு பாடம்: ஒரு குழாயைச் சாய்வாக வெட்டி, அதை நீளவாக்கில் பிரித்துத் தகடாக விரித்தால் ஓரம் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும். அலை மாதிரி ஒரு வளைவு வரும். பாதி வகுப்புக்கு அது தலைக்கு மேல் போய்விடும். ஒருத்தி எழுந்து, "மிஸ், இது ஜாக்கெட் கை வெட்டுற மாதிரிதானே?" என்றாள். அம்மா தையல்காரர். கை என்பது ஒரு குழாய், தோள்பட்டையில் சேரும் இடம் சாய்வெட்டு, துணியில் விரித்தால் அதே அலை. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் ஜாக்கெட் கையில்தான் ஆரம்பிக்கிறேன்.

பின்னணி என்றால் எப்போதும் இல்லாமைக் கணக்கு மட்டும் எழுதுகிறார்கள்: கம்ப்யூட்டர் இல்லை, இங்கிலீஷ் இல்லை, கோச்சிங் இல்லை. வீட்டில் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி மாட்டியவள், அப்பாவோடு சென்ட்ரிங் பலகை தூக்கியவள், தறியில் அறுந்த இழையை நொடியில் முடிச்சுப் போட்டவள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அவளுக்கே அது படிப்பில் சேர்த்தி என்று தெரியாது.

லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டும்போது முடியைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் விட வேண்டும், துப்பட்டாவும் வளையலும் கூடாது. பெண்களுக்கென்று தனியாக இருக்கும் விதி இது ஒன்றுதான்.

தமிழ் வழியில் படித்தவள் சமாளிப்பாளா?

முதல் வருடம் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. கணக்கிலும் ஆங்கிலத்திலும் அரியர் விழும். இரண்டாம் ஆண்டில் பிரிவுப் பாடங்கள் வந்ததும் நிலைமை மாறும், ஏனென்றால் "டார்க்", "டாலரன்ஸ்" எல்லாம் எல்லாருக்குமே புதுச் சொற்கள். முதல் வருடத்து இரண்டு அரியரைப் பார்த்துப் பயந்துபோய்ப் பெண்ணை நிறுத்தும் வீடுகள் உண்டு. பையனுக்கு அரியர் விழுந்தால் "எழுதிடுவான்". பெண்ணுக்கு விழுந்தால் "உனக்கு எதுக்கு இது". வாசலிலேயே வைத்துப் பெற்றோரிடம் சொல்லிவிடுவேன்: அரியர் விழும், பயப்படாதீர்கள்.

பணத்துக்கு என்ன வழி?

அரசு பாலிடெக்னிக் என்றால் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் கிடைப்பவை:

புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, மேல்படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கில். டிப்ளமோவுக்கும் உண்டு. 2024-25இலிருந்து அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் தருகிறார்கள். இதன் முழுப்பெயரில், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். முன்பு அதே பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் கொடுத்தார்கள். தாலிக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்கு மாறியது. ஒரு பெண் அந்த 1000த்தில் முதல் மாதம் வாங்கியது ஒரு கால்குலேட்டரும் அம்மாவுக்கு ஒரு நைட்டியும்.

பிரகதி உதவித்தொகை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தருவது, வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. தேர்வுப் பட்டியல் உண்டு, எல்லாருக்கும் கிடைக்காது. விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு வரை படித்து நேராக பி.இ. போனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்பவர்களுக்குக் கல்வி, விடுதி, போக்குவரத்துக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அதனால் பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை அவசரமாக டிப்ளமோவில் சேர்க்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். என் கல்லூரிக்கு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பழங்குடிப் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

மலையில் உயர்நிலைப் பள்ளி தூரம், கல்லூரி அதைவிடத் தூரம், விடுதி கிடைத்தால்தான் படிப்பு. அதோடு சாதிச் சான்றிதழ். காட்டுநாயக்கன் போன்ற சமூகத்தவர் பழங்குடிச் சான்றிதழுக்கு வருவாய்த் துறை அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பது பழைய கதை. விசாரணை முடிவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்த ஒன்றையும் நிரப்பப் பத்தாவதிலேயே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் நினைத்தால் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

மகளிர் பாலிடெக்னிக் நல்லதா, இருபாலர் கல்லூரி நல்லதா?

சென்னை தரமணியிலும் கோவையிலும் மதுரையிலும் அரசு மகளிர் பாலிடெக்னிக்குகள் உண்டு. தரமணிக் கல்லூரிக்கு டாக்டர் தர்மாம்பாள் பெயர். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும், ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" பட்டம் தந்த பெண்கள் மாநாட்டிலும் முன்னின்றவர். மகளிர் கல்லூரி என்றால் வீட்டில் அனுமதி எளிது, லேப்பில் ஸ்க்ரூடிரைவர் கைமாறாது. இருபாலர் வகுப்பில் பையன்கள் எடுத்துச் செய்ய, பெண்கள் ரெக்கார்டு நோட்டு எழுதுவது வழக்கமாகிவிடும். நாங்கள் லேப் பேட்ச்சுகளைப் பிரித்துப் போட்டுச் சமாளிக்கிறோம். பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேருங்கள்.

பாதியில் நிற்பது எதனால்?

மதிப்பெண்ணால் நிற்பவர்கள் குறைவு. பஸ்ஸால் நிற்பவர்கள் உண்டு. கடைசி பீரியட் முடிந்து ஓடினாலும் பிடிக்க முடியாத ஐந்தேகால் டவுன் பஸ், அதை விட்டால் ஏழு மணி, மழைக்காலத்தில் இருட்டிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் இந்தப் பெண்கள் முழு வாரமும் வர ஆரம்பித்தார்கள். முன்பு வியாழன், வெள்ளியில் வருகை குறையும். கையில் காசு தீர்ந்திருக்கும்.

அப்புறம் கழிப்பறை. வொர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்களுக்கு ஒன்று இல்லாவிட்டால் காலை முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நானும் படிக்கும்போது அப்படித்தான் இருந்தேன்.

நடுவில் கல்யாணம் பேச ஆரம்பித்தால்?

ஐந்தாவது செமஸ்டரில் வரும். அப்பாவிடம் கல்வியின் பெருமையைப் பேசிப் பயனில்லை. "ஆறு மாசம்ணே, சான்றிதழோட கொடுத்தா மாப்பிள்ளை வீட்டிலயும் மதிப்புதானே" என்று பேசினால் கேட்பார். கொள்கை ரீதியாக எனக்கு அந்த வாதம் பிடிக்காது. ஆனால் அதைச் சொல்லி நான் பரீட்சை எழுதவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலை கிடைக்குமா?

கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், வாகனத் தொழிற்சாலைகள் பெண்களைத் தேடி எடுக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் சேருங்கள்: எந்தப் பதவி? டிப்ளமோ படித்த பெண்ணையும் 12ஆம் வகுப்புப் பெண்ணையும் ஒரே அசெம்பிளி வரிசையில் நிறுத்தும் இடங்கள் உண்டு. படிப்புக்கேற்ற வேலை வேண்டுமென்றால் முதலில் ஒரு வருடம் அப்ரன்டிஸ் பயிற்சி எடுப்பது நல்லது. அதற்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது.

விண்ணப்பம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடிவு வரும் சமயத்தில் ஆன்லைன் விண்ணப்பம் திறக்கும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. பிராஞ்சு வரிசையை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பெண்ணின் கையெழுத்தில்.

மொபைல் எண் கட்டத்தைப் பாருங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் தன் எண்ணையோ கூட வந்த மாமாவின் எண்ணையோ போட்டுவிடுவார். கலந்தாய்வுக் குறுஞ்செய்தி அங்கே போய்விடும். போன வருடம் ஒரு பெண் கலந்தாய்வு முடிந்த மறுநாள் வந்து நின்றாள். மாமா போனை சார்ஜ் போட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போயிருந்தாராம். மிச்சமிருந்த இடங்களில் மெக்கானிக்கல் மட்டும்தான் இருந்தது. இப்போது இரண்டாம் ஆண்டு. அரம் நன்றாகப் பிடிக்கிறாள்.